நிச்சயமற்ற ஊதியமும் நிச்சயமான அமானிதமும்

பழைய வேலையை விட்டுவிட்டுப் புதிய வேலையில் சேரும் மனிதன், முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை இரண்டு உள்ளங்களோடு வாழ்கிறான். ஓர் உள்ளம், ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று ஆறுதல் சொல்கிறது. மற்றோர் உள்ளம் மளிகைக் கடைப் பாக்கியைக் கூட்டிப் பார்க்கிறது. கூட்டிப் பார்க்கும் உள்ளத்தைக் கண்டு, நம் தவக்குலில் குறை வந்துவிட்டதோ என்று முந்திய உள்ளம் வெட்கப்படுகிறது. இது நியாயமான வெட்கமா? அன்றி, வெட்கப்பட வேண்டிய இடம் வேறெங்காவது இருக்கிறதா? இதைத்தான் இம்மாதம் வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

பிறர் கதையாக இதை எழுதவில்லை. மத்ரஸாவில் ஏழாண்டு ஓதி, பட்டம் பெற்று, ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாகவும் மக்தப் உஸ்தாதாகவும் ஒன்பதாண்டுகள் பணிபுரிந்தோம். மாதச் சம்பளம் ரூ.12,000. அதுவும் சில மாதங்களில் இரண்டு தவணையாக வரும்; சில மாதங்களில் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்து, பள்ளிவாசல்களில் ஜமாஅத் நின்று, மக்தப் மூடிக் கிடந்தபோது, ஓதுகிற பிள்ளைகள் மறந்துவிடக் கூடாதே என்று கைப்பேசியில் சபக் கேட்கத் தொடங்கினோம். அன்று அது ஒரு தற்காலிக ஏற்பாடு. அதுவே பிறகு நம் பிழைப்பாக மாறும் என்று நினைக்கவில்லை.

வாடகை ஏறியது. தாயாரின் மருந்துச் செலவும் ஏறியது. இரு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்தார்கள். சென்ற ஷவ்வாலில் இமாமத்தை விட்டு, கணினி வழியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் ஒரு மையத்தில் சேர்ந்தோம். மாதச் சம்பளம் என்று ஒன்று அங்கே இல்லை. நடத்திய வகுப்புகளுக்குத்தான் கணக்கு. மூன்று மாதம் சோதனைக் காலம். ஒரு குடும்பம் நிறுத்திக்கொண்டால் அந்த வருமானமும் நின்றது. விடுமுறை வந்தால் பாதி வருமானம். முதல் நாள் வகுப்புக்கு உட்கார்ந்தபோது, கைப்பேசியைச் சாய்த்து வைக்க வீட்டில் மேசை கூட இல்லை. அரிசி டப்பாவைத் திருப்பி வைத்து அதன்மேல் வைத்தோம். டப்பா காலியாக இருந்ததால் அது வசதியாகவும் இருந்தது!

அச்சம் ஈமானுக்கு முரணா?

திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் ஒரு வேலை தேடிய கதை இருக்கிறது. நாம் அதை நபிமார்கள் வரலாறு என்று மட்டும் ஓதிச் சென்றுவிடுகிறோம். மூஸா (அலை) அவர்கள் எகிப்தை விட்டு வெளியேறியபோது அச்சத்தோடும் எச்சரிக்கையோடும் வெளியேறினார்கள் என்று அல்லாஹ்வே சொல்கிறான். ஒரு நபியின் உள்ளத்தில் எழுந்த அச்சத்தை அவன் மறைக்கவுமில்லை, பழிக்கவுமில்லை. மத்யனை அடைந்தபோது அவர்களுக்கு அங்கே வீடில்லை, உறவில்லை, வேலையில்லை. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, நிழலில் போய் அமர்ந்து, தன் ரப்பிடம் தன் தேவையைச் சொன்னார்கள்: நீ இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவனாக இருக்கிறேன் என்ற கருத்தில்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வேலை, பிறகு நிழல், பிறகு துஆ. தண்ணீர் இறைக்குமுன் கூலி பேசவில்லை. இறைத்த பின்னும் அப்பெண்களிடம் கேட்கவில்லை. ஆனால் தேவையில்லாதவரைப் போல் நடிக்கவுமில்லை. 'எனக்கு வேண்டும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்கள். ஆகவே, வறுமையை அஞ்சுவதும், தேவையை உணர்வதும் தவக்குலுக்கு எதிரானவை அல்ல. அந்த அச்சத்தை எங்கே கொண்டு போய் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

யமன் நாட்டவர் சிலர் வழிச்செலவுக்கு ஏதும் எடுத்துக்கொள்ளாமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, 'நாங்கள் தவக்குல் உடையவர்கள்' என்று சொல்லிக்கொண்டு, மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்தினார்கள். கட்டுச்சாதம் எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் திருவசனம் இவர்கள் விஷயமாகவே இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு போய் மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புவதை நாயகம் (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உவமை காட்டினார்கள். அந்தப் பறவைகள் கூட்டிலேயே இருந்துவிடவில்லை என்பதை ஆலிம்கள் இதற்கு விளக்கமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பறவை போகும், எந்த மரத்தில் பழம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நிச்சயமில்லாத வருமானத்தை நம்பி வேலைக்குப் போகிறவனின் நிலையும் அதுவே.

ஆக, நம் கணக்குப் பார்க்கும் உள்ளத்தைக் குறித்து நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தக் கணக்கு நம்மை எதைச் செய்யத் தூண்டுகிறது என்பதில்தான் விழிப்பு வேண்டும்.

நாம் விற்பது எது?

'ஹஸ்ரத், குர்ஆனை ஓதிக் கொடுத்துக் காசு வாங்கலாமா?' என்று நம்மிடம் கேட்டவர்கள் பலர். பள்ளிவாசலில் சம்பளம் வாங்கிய காலத்தில் இக்கேள்வியை யாரும் கேட்கவில்லை; வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்கு வந்ததும் கேட்கிறார்கள்! கேள்வி நல்ல கேள்விதான். முன்னோர்களும் கேட்டதுதான்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்களுடைய முந்திய தலைமுறை மாணவர்களும், குர்ஆன் கற்பிப்பதற்குக் கூலி பேசுவதை அனுமதிக்கவில்லை. அது வணக்கம், வணக்கத்துக்கு மனிதரிடம் கூலி இல்லை என்பது அவர்கள் வாதம். கற்றுக் கொடுத்ததற்காக ஒருவர் கொடுத்த வில்லை வாங்கியது குறித்து உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் எச்சரிக்கப்பட்டதாக வரும் ஹதீஸும் அவர்களுக்கு ஆதாரம். ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபினர் கூலியை ஆகுமாக்கினார்கள். தேள் கடித்தவருக்கு ஃபாத்திஹா ஓதி ஆடுகளைப் பெற்ற ஸஹாபாக்களை நாயகம் (ஸல்) அவர்கள் சரிகண்டதும், கூலி பெறுவதற்கு மிகத் தகுதியானது அல்லாஹ்வின் வேதம் என்ற கருத்தில் அவர்கள் சொன்னதும் இவர்களுக்கு ஆதாரம். ஓர் ஏழை ஸஹாபிக்கு, அவருக்குத் தெரிந்த குர்ஆனைக் கொண்டே திருமணம் முடித்துவைத்த வரலாறும் அதனுடன் சேரும்.

பின்னால் வந்த ஹனஃபி அறிஞர்களும் மனம் மாறினார்கள். ஏன் மாறினார்கள் என்பதில் நமக்குப் படிப்பினை இருக்கிறது. முற்காலத்தில் ஓதிக் கொடுப்பவர்களுக்கு பைத்துல் மாலிலிருந்து மானியம் கிடைத்தது. மக்களுக்கும் மார்க்கக் காரியங்களில் ஆர்வம் இருந்தது. மானியம் நின்றது, ஆர்வமும் தளர்ந்தது. கூலியைத் தடுத்தால் உஸ்தாத் பிழைப்புக்காக வேறு தொழிலுக்குப் போவார். குர்ஆனைப் பாதுகாப்பது வீணாகும். எனவே இன்று ஃபத்வா அனுமதியின் மீதே என்று ஹிதாயா எழுதுகிறது. ஆறாம் நூற்றாண்டு ஹிஜ்ரியில் வாழ்ந்த அதன் ஆசிரியர் மர்கீனானி (ரஹ்) அவர்கள், நம் சிற்றூர் உஸ்தாதின் வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது போல் இருக்கிறது!

இவ்விரு கருத்துகளையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. முதல் கருத்து, குர்ஆனுக்கு விலையில்லை என்கிறது. அது என்றும் உண்மை. இரண்டாவது கருத்து, உஸ்தாதின் நேரத்துக்கும் உழைப்புக்கும் பதில் கொடுக்க வேண்டும் என்கிறது. அதுவும் உண்மை. கலீஃபாவான மறுநாள் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் வழக்கம்போல் துணிகளைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகிய இருவரும் தடுத்து, குடும்பச் செலவுக்குப் படி நிர்ணயித்தார்கள். கிலாஃபத்துக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. சந்தைக்குப் போக முடியாமல் போன நேரத்துக்கே படி கொடுக்கப்பட்டது.

நாம் விற்பது நம் நேரத்தையே என்றால், அதிலிருந்து ஒரு கடுமையான முடிவு பிறக்கிறது. விற்ற பொருளில் குறை வைக்கக் கூடாது. முப்பது நிமிடம் என்று பேசிவிட்டு இருபத்தைந்தில் ஸலாம் சொல்வது, எடைக்கல்லில் கை வைப்பதேயன்றி வேறல்ல.

பேசி முடிப்பதே பரக்கத்

மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைக்கச் சொன்ன பெண், கூலிக்கு அமர்த்தத் தகுந்தவர் வலிமையும் நாணயமும் உடையவர் என்ற இரண்டு இலக்கணங்களைச் சொன்னார். அவருடைய தந்தையும் நிபந்தனையை மறைக்கவில்லை: எட்டாண்டு, பத்தாக்கினால் அது உங்கள் விருப்பம், உங்களைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை. மூஸா (அலை) அவர்களும் அதை மறுபடி சொல்லி உறுதி செய்து, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். பசியோடு இருந்தவர்தான், என்றாலும் 'கொடுப்பதைக் கொடுங்கள்' என்று விட்டுவிடவில்லை. அந்த இரண்டில் நீண்ட தவணையையே அவர்கள் நிறைவேற்றினார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஆலிம் பெருமக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூலி பேசுவது கண்ணியக் குறைவு என்று எண்ணி, பேசாமல் சேர்ந்துவிட்டுப் பிறகு மனத்துக்குள் குமைவார்கள். பேசாத ஒப்பந்தம் பிணக்குக்கு விதை. ஃபிக்ஹு நூல்களின் இஜாரா பாடத்தில், கூலியும் வேலையும் காலமும் அறியப்பட்டவையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

கணினி வழி ஓதிக் கொடுப்பதில் எழும் கேள்விகளும் அந்தப் பாடத்திற்குள்ளேயே அடங்குகின்றன. நாம் நேரத்துக்கு வந்து காத்திருக்கிறோம், பிள்ளை வரவில்லை. கூலி உண்டா? தன் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்த வேலையாள், வேலை கொடுக்கப்படாவிட்டாலும் கூலிக்கு உரியவன் என்றும், வேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி என்று பலருக்கும் பொதுவாக உழைப்பவன் வேறு வகை என்றும் ஹனஃபி நூல்கள் பிரித்துப் பேசுகின்றன. நம் ஒப்பந்தம் இதில் எந்த வகை என்பதை முதல் நாளே பேசிக்கொண்டால் சச்சரவில்லை. நம் ஊரில் மின்சாரம் போய்விட்டது. குறை நம் பக்கம். அந்த வகுப்பை வேறு நாளில் ஈடு செய்தாக வேண்டும். இலவச இணைப்பு நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும் என்பது தெரிந்திருந்தும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி பேசுவது மோசடிக்கு அடுத்த வீடு.

துபாயில் மாலை ஐந்து மணி என்றால் நமக்கு ஆறரை; அது மஃக்ரிபு வேளை. லண்டனில் குளிர்காலத்து மாலை ஐந்து மணி நமக்கு இரவு பத்தரை. பர்ளு தொழுகையின் நேரம் இஜாராவிலிருந்து விலக்கப்பட்டது. அதற்காகக் கூலி குறையாது என்று ஷாஃபிஈ நூல்களில் இருக்கிறது. ஆனாலும் 'நான் தொழப் போகிறேன்' என்று வகுப்பின் நடுவில் எழுந்திருப்பதைவிட, முதலிலேயே மஃக்ரிபுக்குப் பிறகு நேரம் வைப்பதே அழகு. குர்ஆன் ஓதிக் கொடுப்பதற்காக ஜமாஅத்தை விட்ட உஸ்தாத், பிள்ளைக்கு எதைக் கற்றுக் கொடுத்தார்?

உண்மையான சோதனை

இதுவரை சொன்னவை நூல்களில் உள்ளவை. இனிச் சொல்வது நம்மை நாமே பார்த்து வெட்கப்பட்ட இடம்.

வளைகுடா நகரம் ஒன்றில் வசிக்கும் குடும்பத்தின் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வாரம் ஐந்து நாள் ஓதிக் கொடுத்து வந்தோம். கெட்டிக்காரப் பிள்ளை. வேகமாக ஓதுவான். ஆனால் தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டிய பெரிய ஹாவை, தொண்டையின் அடியிலிருந்து வரும் சிறிய ஹாவாகவே ஓதுவான். கைப்பேசியில் இவ்விரண்டையும் பிரித்துக் கேட்பதே கடினம். எதிரே உட்கார்ந்திருந்தால் அவன் தொண்டையில் விரல் வைத்துக் காட்டலாம். இங்கே திரையில் அவன் நெற்றி மட்டும் தெரியும். புகழைக் குறிக்கும் ஹம்து என்ற சொல்லைச் சிறிய ஹாவால் உச்சரித்தால், அணைந்து உயிரற்றுப் போவதைக் குறிக்கும் வேறொரு வேர்ச்சொல்லாகிவிடும். ஃபாத்திஹாவின் ஓர் எழுத்தை மாற்றுவதைப் பற்றி, சரியாகக் கற்றுக்கொள்ள முடிந்தவர் விஷயத்தில், ஷாஃபிஈ நூல்கள் எவ்வளவு கண்டிப்புடன் பேசுகின்றன என்பதை ஓதிப் படித்தவர்கள் நாம்.

சிறுவனின் வாப்பா ஒரு நாள், 'ஹஸ்ரத், ஊருக்கு விடுமுறையில் வருகிறோம். அதற்குள் குர்ஆனை முடித்துவிடுங்கள். உறவினரையெல்லாம் அழைத்து விருந்து வைக்க வேண்டும்' என்றார். மாதாமாதம் முந்திக் கொடுப்பவர், கண்ணியமாகப் பேசுபவர். 'பிள்ளை எப்படி ஓதுகிறான்?' என்று கேட்டார். 'மாஷா அல்லாஹ், நன்றாக ஓதுகிறான்' என்றோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சொன்னதில் பொய் உண்டா என்று யோசித்தோம். நன்றாக ஓதுகிறான் என்பதற்கு வேகமாக ஓதுகிறான் என்று பொருள் கொள்ளலாம்தானே? நம் உள்ளம் வழக்கறிஞர் வேலை பார்க்கத் தொடங்கியது. சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற ஹதீஸும் நினைவுக்கு வந்தது. கண்டிப்பாகச் சொன்னால் அவர் நிறுத்திவிடுவார். பிள்ளை ஓதுவதே நின்றுவிடும். தவறோடாவது ஓதட்டுமே என்றும் ஒரு வாதம் வந்தது.

வாதங்கள் எல்லாம் நல்ல உடையணிந்தே வந்தன. ஆனால் ஒன்றைக் கேட்டதும் எல்லாம் ஓடிவிட்டன. இதே பிள்ளை பள்ளிவாசல் மக்தபில், காசில்லாமல் ஓதுகிற பிள்ளையாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'போ, இன்னும் பத்துத் தடவை ஓதிவிட்டு வா' என்றிருப்போம். அப்படியானால் அந்த 'மாஷா அல்லாஹ்'வை நம் நாவில் வைத்தது எது? அடுத்த மாத வாடகை. இரண்டு கூலி பற்றிய ஹதீஸ் முயன்று ஓதும் மாணவனுக்கு ஆறுதல். குறையை மறைக்கும் உஸ்தாதுக்கு அது கேடயம் அல்ல.

அச்சம் பாவமில்லை என்று முதலில் எழுதினோம். அச்சம் நம் நாவைப் பேச வைத்தால் அங்கே பாவம் தொடங்குகிறது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று வாயால் சொல்லிக்கொண்டு, அந்த வாப்பாவின் முகக்குறியைப் பார்த்துப் பதில் சொன்னோமே, அந்தக் கணத்தில் ரிஸ்க் அளிப்பவராக யாரை எண்ணினோம்? தவக்குல் பரீட்சிக்கப்படுவது வேலையில் சேரும் நாளில் அல்ல. வேலை போய்விடும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில்தான்.

ஒரு வாரம் தள்ளிப் போட்டோம். அதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு அவரை அழைத்து, 'அன்று நாம் சொன்னது முழு உண்மை அல்ல. பிள்ளை கெட்டிக்காரன். ஆனால் எழுத்து சரியாகவில்லை. முடிப்பதை நிறுத்தி, மூன்று மாதம் எழுத்தை மட்டும் திருத்த வேண்டும்' என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. 'முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஹஸ்ரத்' என்றார். அது நியாயமான வார்த்தை. அந்த மாதத்தோடு வகுப்பை நிறுத்திக்கொண்டார்.

அதற்கு ஈடாக மறுவாரமே இரண்டு மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்று எழுத நமக்கும் ஆசைதான். வரவில்லை. அந்த மாதம் மளிகைக் கடைக்காரரிடம் தவணை சொன்னோம். அவரும் முகம் சுளித்தார். தக்வா உடையவருக்கு அவர் எண்ணாத புறத்திலிருந்து அல்லாஹ் ரிஸ்க் அளிப்பதாகத் திருமறை வாக்களிக்கிறது. அந்த வாக்கு சத்தியம். ஆனால் அது நாம் குறித்த தேதியில் வரும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அன்றிரவு உறக்கம் வந்தது. அதுவும் ரிஸ்க்தான்.

பெற்றோர்க்கும் ஜமாஅத்தார்க்கும்

உஸ்தாதை மட்டும் குற்றம் சொல்லி முடிப்பது நீதியாகாது. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வது ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. வியர்வை உலருமுன் கொடுங்கள் என்ற கட்டளை செங்கல் சுமப்பவருக்கு மட்டுமன்று. தொண்டை வறள ஓதிக் கொடுப்பவருக்கும் உரியது. சம்பளத்தை இழுத்தடிக்கும் ஜமாஅத், தன் இமாமை ஒவ்வொரு செல்வந்தரின் முகத்தையும் பார்த்துப் பயான் செய்பவராக ஆக்குகிறது. குறையைச் சொன்னதற்காக உஸ்தாதை மாற்றும் பெற்றோர், அடுத்த உஸ்தாதுக்கு 'மாஷா அல்லாஹ்' சொல்லப் பழக்குகிறார்கள். பிள்ளை எத்தனை ஜுஸ்வு முடித்தான் என்று கேட்பதைவிட, என்ன திருத்த வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி உஸ்தாதின் அச்சத்தைப் பாதியாகக் குறைக்கும்.

நம்மைப் போல் இந்தப் புதிய தொழிலுக்கு வந்துள்ள இளம் ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரத்தையாவது, கட்டணம் கொடுக்க இயலாத நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். தர்மமாக மட்டுமன்று; உங்கள் நாவைச் சோதித்துக்கொள்ளும் அளவுகோலாகவும் அது உதவும். காசில்லாத பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறோமோ, காசுள்ள பிள்ளையிடமும் அப்படியே பேசுகிறோமா என்று மாலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஊதியம் எவ்வளவு வரும் என்பது நிச்சயமற்றது. அது நம் கையில் இல்லை. ஒப்படைக்கப்பட்ட பிள்ளை அமானிதம். அது நிச்சயமாக நம் கையில் இருக்கிறது. அல்லாஹ்விடம் உள்ளதைப் பற்றியே கவலைப்பட்டு, நம் கையில் உள்ளதைத் தவறவிடாமல் இருக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! நம் பசியை நம் நாவின் எஜமானாக ஆக்காதிருப்பானாக! ஆமீன்.